மாயம்மாள் சொன்ன சொல்

மட்டாஞ்சேரி
26 நவம்பர் 2024

அமுதவல்லிக்கு,

மாயம்மாள் ஓடி வந்தபோது நான் கதவைச் சாத்தினேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சாத்தவில்லை. சபைக் கூடத்தின் வாசல் கதவு ஐப்பசி மழையில் ஊதிவிடும். இரண்டு ஆட்கள் தள்ளினாலும் நிலைக்குள் உட்காராது. மரம் காயும்வரை அது சுவரோடு சாய்ந்து திறந்தேதான் கிடக்கும். வெளியே இருக்கும் கம்பிக் கதவை மட்டும் பூட்டுகிறோம். அன்று காலை கம்பிக் கதவையும் நானே திறந்து வைத்துவிட்டு, அதற்கு நேரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன் என்பது இரண்டாவது பேச்சு. அது நான் குடிக்கும் டம்ளர். சபையின் பெயர் வெட்டியது. நாற்காலிக்குப் பக்கத்தில் கூஜாவின்மேல் கவிழ்த்து வைத்திருப்பேன், நீ பார்த்திருக்கிறாய்.

விரட்டினேன் என்பது மூன்றாவது. இது உன் பெண்கள் அமைப்பின் வாட்ஸாப்பில் உன் குரலிலேயே சுற்றுவதாக நம் செயலாளர் விஸ்வேஸ்வரன் சொல்கிறார். அவர் போனை என் காதருகே கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கட்டட வேலையில் கால் முறிந்து கட்டு போட்டுக் கிடக்கும் அழகரின் மனைவி, கால்வாய் ஓரத்து அறைகளுக்கு அந்த மாதம்தான் வந்தவள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். கேட்ட விதத்தில் ஒரு சொல்லைத் திருத்தினேன். அது என் சுபாவம், அதனால் யாருக்கும் கேடு வந்ததில்லை. நின்றபடியே கொஞ்சம் குடித்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள்போல் முழங்கால்வரை நனைந்திருந்தாள், பெருக்கித் துடைத்த தரையெல்லாம் ஈரக்கால். அதைக்கூட நான் சொல்லிக் காட்டவில்லை. மீதித் தண்ணீரோடு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். தெருமுனையில் திரும்பி நின்று கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

அதற்குப் பிறகு பௌர்ணமி வேலியேற்றத்தில் கடல் பொங்கிக் கால்வாய் வழியாக அவள் அறைக்குள் ஏறியதும், அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து அவள் போய்விட்டதும் எனக்கு மத்தியானம்தான் தெரியும். உதவி கேட்டு வந்தவளை நான் திருப்பி அனுப்பினேன் என்பது பொய். அவள் உதவி கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள்.

பின்னால் வந்த தமிழர்களையும் சபையில் உறுப்பினராக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தது யார்? என் சொந்தக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எழுந்து நின்றது யார்? உங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் ரேஷன் கார்டு வாங்கவும் நாம் இருவரும் ஏறாத படி இந்த ஊரில் உண்டா? ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு உன்னோடு ஒப்புதல் இல்லை. வேலியேற்ற நாட்களில் உங்கள் ஆட்கள் வந்து தங்கக் கூடத்தின் இரண்டாவது சாவியைக் கேட்டாய். தினமும் காலையில் நானே வாசலில் இருக்கிறேன், சாவியைவிட ஆள் மேல் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

ஜனவரியில் பொதுக்கூட்டம். அதற்கு முன்னால் உன் ஆட்களிடம் உண்மையைச் சொல்.

கமலாக்ஷி
தலைவர், தமிழ் மக்கள் சபை


இடக்கொச்சி
2 டிசம்பர் 2024

தலைவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கால்வாய் ஓரத்தை விட்டு நாங்கள் கொஞ்சம் பேர் இங்கே வந்துவிட்டோம். இங்கேயும் காயல் ஏறத்தான் செய்கிறது, ஆனால் மாடி இருக்கிறது. அழகரையும் தூக்கி வந்து எங்களோடு வைத்திருக்கிறேன். என் மகள் ஸாதனாவுக்கு மலையாளம்தான் எழுத வரும், அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருக்கும். வழக்கம்போல் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விஸ்வேஸ்வரன் என்னைவிட இளையவர். அவரை 'அவர்' என்று எழுதுகிறீர்கள், முகத்துக்கு நேரே 'நீங்கள்' என்கிறீர்கள். நானும் ஓர் அமைப்புக்குத் தலைவிதான். என்னை 'நீ' என்கிறீர்கள். உங்களை மாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

நீங்கள் கதவைச் சாத்தினீர்கள் என்றோ விரட்டினீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. "அந்தக் கதவு தொறந்திருந்தும் நமக்குத் தொறக்கல" என்று சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். ஒருத்தி அதை இன்னொருத்திக்கு அனுப்பி, நாலாவது ஆளிடம் போய்ச் சேரும்போது நீங்கள் கதவைச் சாத்தி, விரட்டியும் விட்டீர்கள். அதை நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கோபம் இருந்தது.

ஏன் கோபம் என்றால், சாவி இருந்திருந்தால் ஏற்றம் வருமென்று தெரிந்த முந்தின நாளே அழகரைக் கட்டிலோடு தூக்கி வந்து கூடத்தில் படுக்க வைத்திருப்போம். மாயம்மாள் யாரிடமும் ஓட வேண்டியிருந்திருக்காது.

உங்களிடம் ஓடச் சொன்னது நான்தான். அவள் ரயிலை விட்டு இறங்கி வந்த அன்றே சொன்னேன். "மலையாளம் தெரியலன்னு பயப்படாத. ஏதாச்சும்னா தெரு முனை தாண்டி தமிழ்ல போர்டு போட்ட கட்டடம் இருக்கு, அங்க ஓடு. வாசல்ல ஒரு மாமி உக்காந்திருப்பாங்க. பேப்பர மடிக்காம பேச மாட்டாங்க, ஆனா நல்லவங்க."

அவள் சிரித்தாள். "தமிழ் தெரிஞ்சா போதும்க்கா. மத்தத நா பேசிக்கிடுவேன்" என்றாள்.

அன்று காலை நான் எரணாகுளம் மார்க்கெட்டுக்குக் காய் எடுக்கப் போயிருந்தேன். ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த வரிசையில் அவளையும் அழகரையும் தவிர யாரும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர். எழுந்திருக்க முடியாத புருஷன் கட்டிலில். இரண்டு பேர் பிடித்தால்தான் அவரைத் தூக்க முடியும். அந்த நேரத்தில் ஒருத்தி அவ்வளவு தூரம் ஓடி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்பாளா? நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

டம்ளரைத் திருப்பி அனுப்புகிறேன். அழகர் தலைமாட்டில் வைத்திருந்தார். சபையின் பொருள் சபையிடம் போகட்டும் என்று அவரே சொன்னார்.

அமுதவல்லி


மட்டாஞ்சேரி
7 டிசம்பர் 2024

அமுதவல்லி அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் டம்ளரும் வந்தன. 'நீங்கள்' என்று எழுதக் கேட்டீர்கள், எழுதுகிறேன். கேட்டது நியாயம். கை இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

டம்ளரின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது. இங்கிருந்து போகும்போது இல்லை.

நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று எழுதிவிட்டு, சொன்னதை நம்பவும் இல்லை என்றால் அதற்கு என்ன பொருள்? எனக்கு வயதாகிவிட்டது, காதில் தவறி விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் போலும். என் காதில் ஒரு குறையும் இல்லை. போன மாதம்தான் டாக்டர் பார்த்தார். கடைசி பெஞ்சில் கிசுகிசுத்தால் எனக்கு முன்வரிசையில் கேட்கும் என்று நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்களே சொல்வார்கள். எனவே அன்று பேசியதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் ஆட்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அவள் படியேறி நின்றாள். "வெள்ளம்மா, வெள்ளம்" என்றாள். இரண்டு தடவை. 

நான் பேப்பரை மடித்தேன். "ஏண்டிம்மா, இது தமிழ் சபையாக்கும். வெள்ளம் என்ன வெள்ளம்? தண்ணீர்னு சொல்லு" என்றேன். வந்து இறங்கின மறுநாளே மலையாளத்தைப் பிடித்துக்கொள்கிறார்களே என்று எனக்கு ஒரு சலிப்பு. அதை மறைக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாம்மா, தண்ணிதாம்மா. தண்ணிதான்" என்றாள். சொன்னவுடன் திருத்திக்கொண்டாள் என்று எனக்குத் திருப்தி. கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். 

வேலியேற்றம் என்றோ, கடல் ஏறுகிறது என்றோ, ஆள் வாருங்கள் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனா? என்னால் தூக்க முடியாது, ஆனால் எதிர்க் கடை கிட்டங்கியில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருப்பேனே. அவள் சொல்லவில்லை. அதுதான் உண்மை. இதற்குமேல் அத்தாட்சி என்னிடம் இல்லை.

இன்னொன்று, இது குறையாகச் சொல்வதல்ல. அவள் கால் பட்ட இடம் சிவப்புத் தரையில் வெளுப்பாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது. காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி பூக்கிறது, விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. உப்பு என்கிறாள் தரை கூட்ட வருகிறவள். எந்தத் தண்ணீரில் துவைத்தாளோ தெரியவில்லை. என்ன போட்டுக் கழுவினால் போகும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

கமலாக்ஷி

பி.கு. 'முயற்ச்சி' என்று எழுதும் வழக்கம் உங்களுக்கு உண்டு. இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் வரவில்லை, அதனால் பிழையும் இல்லை.


இடக்கொச்சி
21 டிசம்பர் 2024

மாமி,

எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

உங்கள் கடிதத்தை நீங்கள் சொன்னபடி எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் கல்யாணமான நாளிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். சாயாக்கடையில் "சேட்டா, கொறச்சு வெள்ளம்" என்று கேட்டுக் குடிக்கிறவள்தான். சரி, பாவம், ஓடி வந்ததில் நாக்கு வறண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். 

அழகர்தான், "அக்கா, அந்த வரிய இன்னொருக்கா படிங்க" என்றார்.

படித்தேன்.

"அவ என்ன சொன்னாளாம்?"

"வெள்ளம்னு."

"அதுக்கு அவுக?"

"தண்ணீர்னு சொல்லுன்னாங்களாம்."

கையூன்றிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவ சரியாத்தானக்கா சொல்லியிருக்கா" என்றார்.

மாமி, அவள் விளாத்திகுளத்துக்காரி. மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. வெள்ளம் என்றால் அவளுக்குக் குடிக்கிற தண்ணீர் இல்லை. கண்மாய் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிற தண்ணீர். அவள் பிறந்த ஊரில் மழையே அபூர்வம், அது என்றைக்கோ ஒருமுறை வரும், வந்தால் வீட்டைக் கொண்டுபோகும். அதைத்தான் சொன்னாள். நீங்கள் தண்ணீர் என்று திருத்தினீர்கள். வீட்டுக்குள் வந்தது தண்ணீரா என்று கேட்கிறீர்கள் என்று நினைத்து, ஆமாம்மா தண்ணிதான் என்றாள்.

எனக்கும் முதலில் புரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிட்டேன். தமிழ் தெரிந்த இடத்துக்கு ஓடு என்று அனுப்பினேனே, அங்கே போய்ச் சேர்ந்தாள். 

அவள் திரும்பி வந்தபோது நடந்ததை அழகர் முதல் தடவையாக அன்றைக்குத்தான் சொன்னார். டம்ளரை அவர் வாயில் வைத்து, "குடியும். வெள்ளம்னு ஓடிப்போயிச் சொன்னா குடிக்கத் தண்ணி தாராக. முட்டு வரைக்கும் தண்ணியில நிக்கவளுக்கு! நல்ல ஊருக்குத்தான் கூட்டியாந்திருக்கீரு" என்று சிரித்தாளாம். அவரும் சிரித்தாராம். அந்த நேரத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து மிதந்து வந்திருக்கிறது. அவர் மேல் பட்டுவிடும் என்று குனிந்து தள்ளப் போனாள். டம்ளர் கையில்தான் இருந்தது.

அழகர் இன்னும் ஒன்று சொன்னார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உப்பு போக எது போட வேண்டும் என்று கேட்டீர்கள். இங்கே யாருக்கும் தெரியவில்லை.

அமுதவல்லி


மட்டாஞ்சேரி
28 டிசம்பர் 2024

அமுதவல்லி அவர்களுக்கு,

வெள்ளம் என்றால் பெருக்கு என்று படிக்காதவள் அல்ல நான். அருஞ்சொற்பொருள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். புத்தகத்தில் அது பெருக்கு, தெருவில் அது குடிதண்ணீர். இரண்டும் எனக்குத் தெரியும். வந்தவளின் புடவையைப் பார்த்தேன், தெருவின் பொருளை எடுத்துக்கொண்டேன். நன்றாக உடுத்திய ஒருத்தி அதே சொல்லைச் சொல்லியிருந்தால் எழுந்து நின்றிருப்பேனா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். நின்றிருப்பேன்.

இதை யாரிடம் சொல்வது? விஸ்வேஸ்வரனிடம் சொல்லத் தொடங்கினேன். "விடுங்கோ மாமி, அவாளுக்கு ஒழுங்காப் பேசத் தெரியலைன்னா நீங்க என்ன பண்ணுவேள்" என்றார். போன வாரம்வரை நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர் வாயிலிருந்து கேட்டதும், சொல்ல வந்ததை முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வீட்டு ஷபானாவை உங்களுக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அம்மே, வெள்ளம் வந்நோ?" என்று கேட்பாள். குழாயில் வந்துவிட்டதா என்பதற்கு. வருஷக் கணக்காகக் கேட்கிறாள், வருஷக் கணக்காக "வந்நு" என்று சொல்லி வந்தேன். இப்போது அவள் தலை தெரிந்ததும் உள்ளே எழுந்து போய்விடுகிறேன். லாரித் தண்ணீர் வந்தால் தெருவே அந்தச் சொல்லைக் கூவுகிறது. மருந்துக் கடையில், "இது வெள்ளத்தில் கலக்கிக் குடிக்கணும்" என்கிறான். பஸ்ஸில் ஒரு குழந்தை அதைக் கேட்டு அழுகிறது. இந்த ஊரில் ஒருநாளைக்கு எத்தனை பேர் அதைச் சொல்கிறார்கள் என்று நான் இதுவரை கவனித்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் மாயம்மாள் படியேறி வந்து நிற்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் பேப்பரை மடிக்கிறேன்.

கமலாக்ஷி மாமிக்குக் காது போய்விட்டது என்று தெருவில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதை நான் திருத்தவில்லை.

தரையில் கால்தடம் நேற்றும் பூத்திருந்தது. துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது கடல் உப்பு. வந்தவள் எதில் நின்றுவிட்டு வந்தாள் என்று தரைக்குத் தெரிந்திருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் அவள் சொன்ன சொல்லையும் நான் சொன்ன சொல்லையும் அப்படியே எழுந்து சொல்லப் போகிறேன்.

அழகர் சொன்ன அந்த இன்னொன்றை எழுதுங்கள்.

கமலாக்ஷி


இடக்கொச்சி
5 ஜனவரி 2025

மாமிக்கு,

கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

அழகர் கேட்டுக்கொள்கிறார். இங்கே விஷயம் எப்படியோ வெளியே போய், பக்கத்து ஓட்டல்காரன் ஒருத்தன், "வெள்ளம் சோதிச்சப்போள் வெள்ளம் கொடுத்து, பின்னெந்தா?" என்று, அதாவது வெள்ளம் கேட்டாள், வெள்ளம் கொடுத்தார்கள், அப்புறம் என்ன என்று கல்லாவில் இருந்தபடி சொல்லிச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. கேட்டால் சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கிறது. அவளே சிரித்தாளே. 

"அவ சிரிச்சது வேற. ஊர் சிரிக்கக் கூடாதுக்கா. செத்தவ பேரு ஒரு தமாசாப் போயிரக் கூடாது" என்றார் அழகர். கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கம்பு ஊன்றி நடக்கிறார். பொங்கல் கழிந்து ஊருக்குப் போகிறார், திரும்பி வருவாரா தெரியவில்லை.

நீங்கள் எழுந்து சொன்னால் உங்கள் மனசு ஆறும். அவருக்கு ஆறாது. எது செய்வீர்களோ, நீங்கள் பெரியவர்.

மாயம்மாள் இருந்த அறைக்குப் புதுக் குடும்பம் வந்துவிட்டதாம். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்கள். கைக்குழந்தை இருக்கிறது. பௌர்ணமி வருகிறது. எனக்கு அதுதான் பயம்.

அந்த இன்னொன்றைக் கேட்காதீர்கள்.

அமுதவல்லி


மட்டாஞ்சேரி
13 ஜனவரி 2025

அமுதவல்லி அவர்களுக்கு,

நேற்றைய கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. வருவீர்கள் என்று முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் குடையை வைத்திருந்தேன். எனவே நடந்ததை எழுதுகிறேன்.

விஸ்வேஸ்வரன் எழுந்து, "மாமி பேர்ல ஒரு குத்தமும் இல்லைன்னு மினிட்ஸ்ல போட்டுடலாம். தாகம்னு வந்தா, தண்ணி கொடுத்தா. அவ்வளவுதானே?" என்றார். கை தட்டினார்கள்.

"தாகம்னு வரலை. ஆள் கேட்டு வந்தா. எனக்குப் புரியலை. அப்படி எழுதுங்கோ" என்றேன்.

"புரியறாப்பல நல்ல தமிழ்ல சொல்லப்படாதோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியும். என் மைத்துனர் பிள்ளை.

"நல்ல தமிழ்லதான் சொன்னா. எனக்குத்தான் வரலை" என்றேன்.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. அழகரிடம் அதைச் சொல்லுங்கள். என் பக்கத்திலிருந்து அந்தச் சொல் யாரிடமும் போகவில்லை. ஓட்டல்காரனிடம் போனது யாரால் என்று நான் கேட்கப் போவதில்லை.

தீர்மானம் நிறைவேறியது. இனி நேற்று வந்த தமிழனும் சபையில் உறுப்பினன். சிலர் எழுந்து போனார்கள். போகட்டும். இரண்டாவது சாவிக்கும் ஒப்புக்கொண்டார்கள். சாவியைவிட ஆள் மேல் என்று நான் இத்தனை நாள் சொன்னதை நானே எழுந்து மறுத்தேன். பூட்டுக்கு மொழி தெரியாது, யார் திறந்தாலும் திறக்கும் என்றேன். அதற்கு யாரும் கை தட்டவில்லை.

இன்று பௌர்ணமி. காலையில் நான் நாற்காலியில் உட்காரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு தெருமுனைவரை போனேன். கால்வாய் ததும்பி நின்றது. புதிதாக வந்தவர்களைக் கூடத்துக்கு வரச்சொல்லி முந்தின நாளே போய்ச் சொல்லியிருந்தேன். குழந்தையோடு வந்து படுத்திருந்தார்கள். அறைக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாயம்மாள் அன்று திரும்பி நின்ற இடத்தில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கூடத்தின் வாசலும் என் காலி நாற்காலியும் நேராகத் தெரிகின்றன. அவள் செய்ததுபோல் கையைத் தூக்கிப் பார்த்தேன். அன்று அவள் உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தது. விரல்கள் அவள் பக்கமாக மடிந்தன, இரண்டு மூன்று தடவை. போய்வருகிறேன் என்று யாரும் அப்படிக் காட்டுவதில்லை. நான் பதிலுக்கு, கான்வென்டில் சொல்லிக்கொடுத்த மாதிரி, உள்ளங்கையை அவளுக்குக் காட்டி ஆட்டினேன்.

அவள் என்னை வரச் சொன்னாள். மாமி வருகிறார் என்று அழகரிடம் போய்ச் சொல்லியும் இருப்பாள். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். நீங்கள் எழுதாமல் விட்டது அதுதானே? நான் நினைப்பது தவறாக இருந்தால் திருத்துங்கள். என்னைத் திருத்த இப்போது வேறு யாரும் இல்லை.

உங்கள் கடிதத்தில் பிழை இருந்ததா என்று இந்தத் தடவை நான் பார்க்கவில்லை.

சாவி அந்த டம்ளருக்குள் என் மேஜைமேல் இருக்கிறது. அதை நீங்கள் வந்து எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லையா? அழகர் ஊருக்குப் போவதற்கு முன் அவரிடம் கேட்டு, அவள் என்ன சொன்னாள் என்பதையும், அவள் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுங்கள்.

போனில் பேசி அனுப்ப வேண்டாம். காதில் விழுவதை நான் இப்போது நம்புவதில்லை. எழுத்தில் பதில் தேவை.

கமலாக்ஷி